தண்ணீர் கூலரில் செய்த சில்லர்: 220 லிட்டர் கடல் மீன் தொட்டி, சென்னை

வேளச்சேரி உவர்நீர் | மே 4

இன்று அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மதியம் 2 மணிக்குத் தொட்டி 29.8 டிகிரி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் போன வருஷம் இதே நாட்களில்தான் என் அனிமோனி (கடல் சாமந்தி, பாறையில் ஒட்டி வாழும் உயிரி) செத்தது.

அப்போது மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கதவைத் திறந்ததுமே அழுகின முட்டை வாடை. தெர்மாமீட்டர் 32.4 காட்டியது. பாறையைப் பிடித்திருந்த அனிமோனியின் கால் விட்டுப்போய், வாய் பிளந்து, நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி ஓடுகிற தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தபோது விரலிடுக்கில் கரைந்து வழிந்தது. கோமாளி மீன் ஜோடி பம்ப் தண்ணீர் விழும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த இரண்டும் பிழைத்ததே பெரிய விஷயம்.

தொட்டி 3 அடிக்கு 1.5 அடிக்கு 1.5 அடி. பாறை, மணல் போக 165 லிட்டர், கீழே சம்ப்பில் (தண்ணீர் வடிந்து சுற்றிவரும் துணைத் தொட்டி) 55 லிட்டர். மொத்தம் 220. சம்ப்புக்கு மேலே இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன் ஓடுகிறது. ஜனவரியில் அதுவே போதும். மே மாதம் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஆவியாதல் மந்தமாகி, 29.5-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. தினம் 4 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன்.

கடையில் விற்கும் சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின், என் பட்ஜெட்டில் இல்லை. வீட்டில் பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் துளை போட்டு, உள்ளே பத்து மீட்டர் டியூபைச் சுருட்டி வைத்துத் தண்ணீரை ஓடவிட்டால் போதுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

---

திருச்சி சம்ப் | மே 4

நான் செய்திருக்கிறேன் தம்பி, தயவுசெய்து வேண்டாம். 90 லிட்டர் ஃப்ரிட்ஜ், பன்னிரண்டு மீட்டர் டியூப், துளையைச் சுற்றி சிலிக்கான் என்று எல்லாம் சுத்தமாகச் செய்தேன். தொட்டி அரை டிகிரி இறங்கியது, அவ்வளவுதான். கம்ப்ரசர் இரவு பகலாக நிற்காமல் ஓடி மூன்றாவது வாரம் போய்விட்டது.

பிறகுதான் காரணம் புரிந்தது. ஃப்ரிட்ஜ் குளிரவைப்பது உள்ளே இருக்கும் காற்றை. அந்தக் காற்று டியூபைக் குளிரவைக்க வேண்டும், டியூப் தண்ணீரைக் குளிரவைக்க வேண்டும். காற்றும் பிளாஸ்டிக்கும் வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாதவை. ஃப்ரிட்ஜ் என்பது குளிர்ந்த பொருளைக் குளிராகவே வைத்திருக்கச் செய்த பெட்டி. அதற்குள் நாள் முழுக்க வெந்நீரை விட்டுக்கொண்டிருந்தால் அது தாங்காது.

---

மதுரை மெக்கானிக் | மே 4

தம்பி, நான் ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கிறவன். வீட்டில் சின்னதாக ஒரு கடல் தொட்டியும் உண்டு. எந்தச் சாமான் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தொட்டிக்குள் மணிக்கு எவ்வளவு வெப்பம் ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை. கால் எச்பி, அரை எச்பி என்று கடைக்காரர் சொல்வதை வாங்கிவிட்டு அப்புறம் திண்டாடுகிறார்கள்.

அளப்பது சுலபம். ஆர்ஓ தண்ணீரை பாட்டிலில் உறையவைத்து, மூடியோடு சம்ப்பில் மிதக்கவிட்டு, மெதுவாக 26-க்குக் கொண்டுவாருங்கள். பாட்டிலை எடுத்துவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். லைட், மெயின் பம்ப், ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கை எடுக்கும் கருவி) எல்லாம் வழக்கம்போல ஓடட்டும். மதியம் 1 மணியிலிருந்து 2 மணிவரை எத்தனை டிகிரி ஏறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

220 லிட்டர் கடல்தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 900 கிலோஜூல் வேண்டும். அதாவது 250 வாட் ஒரு மணி நேரம், கால் யூனிட் கரண்ட். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏறினால் உங்கள் வெப்பச் சுமை 250 வாட். அரை டிகிரி என்றால் 125. அந்த எண் கையில் வந்த பிறகு பேசுவோம்.

---

வேளச்சேரி உவர்நீர் | மே 5

அண்ணே, அளந்துவிட்டேன். ஹாலில் 35 டிகிரி. 1 மணிக்கு 26.0, 2 மணிக்கு 26.8. அப்படியானால் 200 வாட்?

---

மதுரை மெக்கானிக் | மே 5

சரியாகச் சொன்னீர்கள். ஒரு டன் ஏசி என்பது 3,500 வாட் வெப்பத்தை எடுக்கும் மெஷின். உங்களுக்கு வேண்டியது 200. நஷ்டம், நாளாக நாளாகத் திறன் குறைவது எல்லாம் சேர்த்து 400 வாட் எடுக்கிற ஒன்று இருந்தால் நிம்மதி. பழைய விண்டோ ஏசியைப் பிரித்து காயிலைத் தண்ணீரில் முக்குகிற வேலை உங்கள் தொட்டிக்கு ரொம்பப் பெரிது. இரண்டு நிமிஷம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அப்படிப் படபடவென்று ஆன் ஆஃப் ஆனால் கம்ப்ரசர் நிலைக்காது. அதுவும் இல்லாமல் காயிலை வளைக்கும்போது கேப்பிலரி என்கிற மெல்லிய கேஸ் குழாய் ஒடிந்தால் கேஸ் முழுக்கப் போய்விடும். பழைய ஏசியில் இருப்பது ஆர்-22, ஓசோனைக் கெடுக்கிற வாயு. புதியதில் ஆர்-32, ஆர்-290 என்று எரியக்கூடியவை. தெரியாதவர்கள் கேஸ் லைனில் கை வைக்கவே கூடாது.

டீப் ஃப்ரீசர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்கும் போகாதீர்கள். அந்த கம்ப்ரசர் மைனஸ் 20-ல் வேலை செய்யச் செய்தது. அதைக் கொண்டுபோய் 15 டிகிரித் தண்ணீரில் வேலை வாங்கினால் திரும்பி வரும் கேஸின் அழுத்தம் கூடி, மோட்டார் சுமை தாங்காமல் சூடேறி டிரிப் ஆகும்.

என் யோசனை: ஆபீஸ், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடத்தில் நிற்குமே ஸ்டீல் தண்ணீர் கூலர், அதில் சின்ன சைஸ் ஒன்றைத் தேடுங்கள். மணிக்கு 20 லிட்டர் குளிரவைக்கிற மாடல். 32 டிகிரித் தண்ணீரை 15-க்கு இறக்கும் கணக்கில் அது கிட்டத்தட்ட 400 வாட். கம்ப்ரசரும் இந்த வெப்பநிலைக்கே செய்தது. காயில் ஸ்டீல் தொட்டியின் வெளிப்புறத்தைச் சுற்றியிருக்கும், அதற்கு மேல் சூடு புகாத பஃப் நுரை நிரப்பியிருக்கும். நீங்கள் எதையும் வெட்ட வேண்டாம், வளைக்க வேண்டாம், கேஸைத் தொடவே வேண்டாம். உள்ளே நல்ல தண்ணீரை நிரப்பி, அதற்குள் ஒரு சுருளை இறக்கி, அந்தச் சுருள் வழியாக உங்கள் உப்புத் தண்ணீரை ஓடவிடுங்கள்.

---

கோவை ரீஃப் | மே 5

அருமையான யோசனை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுருள் காப்பராக இருக்கவே கூடாது. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் காப்பர் மருந்து போடுகிறோமே, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவுதான் அது. அந்த அளவே இறால், நத்தை, அனிமோனி, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஒருமுறை கலந்துவிட்டால் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கக்கும். எபாக்சி பூசினால் போதும் என்று நினைத்து ஒருவர் செய்தார். வளைவில் ஊசிமுனை அளவு பெயர்ந்தது, அவ்வளவுதான், இறால் எல்லாம் போய்விட்டது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 ஆனாலும் சரி, கடல்தண்ணீர் தேங்கி நின்றால் குழி விழும். டைட்டானியம்தான் பாதுகாப்பு.

---

அண்ணாநகர் நானோ | மே 6

பெல்டியர் தட்டு (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகுமே, அது) வைத்துச் செய்யலாமே? ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கிறது, கம்ப்ரசர் சத்தமும் இல்லை.

---

மதுரை மெக்கானிக் | மே 6

20 லிட்டர் தொட்டிக்கு முயற்சி செய்யலாம். 60, 70 வாட் கரண்ட் தின்றுவிட்டு ஒரு தட்டு எடுக்கும் வெப்பம் நடைமுறையில் 20, 30 வாட். இவருக்கு எட்டுத் தட்டு வேண்டும், 500 வாட் கரண்ட் வேண்டும். சூடான பக்கத்தில் ஃபேன் ஒன்று நின்றுபோனால் அந்தச் சூடு அப்படியே தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிடும்.

---

வேளச்சேரி உவர்நீர் | மே 16

பத்து நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், கூலர் தேடி அலைந்தேன். ஒரு மெஸ்ஸை மூடும்போது விற்ற கூலர் பழைய சாமான் கடையில் நின்றது. 3,500 ரூபாய். குழாய் ஒழுகியது, வெளித்தகடு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, ஆனால் ப்ளக் போட்டதும் கம்ப்ரசர் முதல் தடவையிலேயே கிளம்பியது. ஒரு மணி நேரம் கடை வாசலிலேயே ஓடவிட்டுத் தண்ணீர் குளிர்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

டைட்டானியம் குழாய் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஹீட் எக்ஸ்சேஞ்சர் செய்யும் ஒரு பட்டறையில் மிச்சத் துண்டாகக் கிடைத்தது. வெளிவிட்டம் 12 மி.மீ., தடிமன் 0.7, நீளம் 6 மீட்டர். சுருளாக அவர்களே வளைத்துக் கொடுத்தார்கள். மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னபடி எடை போட்டுப் பார்த்தேன். இந்த அளவுக் குழாய் டைட்டானியமாக இருந்தால் 670 கிராம் வர வேண்டும், ஸ்டீலாக இருந்தால் 1,190. தராசு 676 காட்டியது. அங்கேயே மனசு நிறைந்துவிட்டது.

வேலை இவ்வளவுதான். கூலரை சோப்பு போடாமல் சுண்ணாம்புக் கறை போகும்வரை வினிகரில் கழுவினேன். மேல்மூடியில் இரண்டு துளை. சுருளை இறக்கி, இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து சிலிக்கான் ஹோஸ் மாட்டி ஸ்டீல் கிளிப் போட்டேன். கிளிப்பெல்லாம் கூலருக்கு வெளியே, உப்புத் தண்ணீர் படாத இடத்தில். சம்ப்பிலிருந்து 18 வாட் பம்ப் தண்ணீரை ஏற்றுகிறது, சுருள் வழியாகச் சுற்றி மறுபடி சம்ப்புக்கே வருகிறது. கூலருக்குள் நிரப்பியிருப்பது வெறும் ஆர்ஓ தண்ணீர், 20 லிட்டர்.

கூலரின் சொந்த தெர்மோஸ்டாட் அந்த 20 லிட்டரை 12 டிகிரியில் வைத்துக்கொள்கிறது. எஸ்டிசி-1000 கன்ட்ரோலர் தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்து 18 வாட் பம்பை மட்டும் ஆன் ஆஃப் செய்கிறது. கம்ப்ரசரை அது தொடுவதே இல்லை. அதனால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் 10 ஆம்பியர் ரிலே (தானியங்கி சுவிட்ச்) மேல் சுமையும் இல்லை, கம்ப்ரசர் படபடவென்று ஆன் ஆஃப் ஆகும் பயமும் இல்லை.

நாளை முதல் ஓட்டம்.

---

வேளச்சேரி உவர்நீர் | மே 17

சரியாக வரவில்லை. மூன்று மணி நேரம் பம்ப் ஓடியும் தொட்டி 29.4-லிருந்து 29.0. கம்ப்ரசர் அதில் முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கிறது! ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

---

மதுரை மெக்கானிக் | மே 17

கம்ப்ரசர் நிற்கிறது என்றால் அது தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறது. தெர்மோஸ்டாட்டின் பல்பு (வெப்பநிலையை உணரும் முனை) எங்கே இருக்கிறது? கூலருக்குள் மேலேயும் கீழேயும் வெப்பநிலை பாருங்கள்.

---

வேளச்சேரி உவர்நீர் | மே 17

அண்ணே, உங்களுக்குக் கோடி புண்ணியம்.

நூலில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். அடியில் 9 டிகிரி. மேலே, சுருள் இருக்கும் இடத்தில், 19. குளிர்ந்த தண்ணீர் எல்லாம் அடியில் போய் அப்படியே படுத்துவிட்டது. பல்பும் அடியில்தான் இருக்கிறது, அது 9 டிகிரியைப் பார்த்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. சுருளோ மேல்பாதியில் வெதுவெதுப்பான தண்ணீரில் தொங்குகிறது.

பழைய 5 வாட் பவர்ஹெட் (தண்ணீருக்குள் முக்கி வைக்கும் சின்னப் பம்ப்) ஒன்றை கூலரின் அடியில் போட்டு, மூக்கை மேல்நோக்கித் திருப்பி வைத்தேன். பத்து நிமிஷத்தில் மேலும் கீழும் ஒரே வெப்பநிலை. இரண்டாவது மணி நேரத்தில் கம்ப்ரசர் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. மாலை 7 மணிக்குத் தொட்டி 28.1.

---

கோவை ரீஃப் | மே 18

வாழ்த்துகள்! ஆனால் எனக்கு ஒரு பயம். எஸ்டிசியின் ரிலே ஒட்டிக்கொண்டு பம்ப் நிற்காமல் ஓடினால்? என் தொட்டியில் ஒருமுறை ஹீட்டர் ரிலே அப்படி ஒட்டியிருக்கிறது. குளிர்ச்சிப் பக்கமும் நடக்கும். உங்கள் மெஷின் 400 வாட் எடுக்கிறது, உள்ளே வருவது 200 என்றால், மீதி 200 வாட்டில் மணிக்கு 0.8 டிகிரி இறங்கும். ராத்திரி லைட் இல்லை, அறையும் குளிர்ந்திருக்கும் என்பதால் இன்னும் வேகமாக இறங்கும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் தொட்டி 20-க்குக் கீழே போயிருக்கும்.

---

வேளச்சேரி உவர்நீர் | மே 18

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. இன்றே இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி அதே பம்பின் லைனில் தொடராக மாட்டிவிட்டேன். முதலாவது 26-ல் நிறுத்தும். அது ஒட்டிக்கொண்டால் இரண்டாவது 24.5-ல் நிறுத்தும். இரண்டின் சென்சாரும் சம்ப்பில் வேறு வேறு அறையில், நழுவி வெளியே விழாதபடி கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். சென்சார் வெளியே விழுந்தால் அது அறைக் காற்றைப் பார்த்து பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா?

---

தூத்துக்குடி நெய்தல் | மே 19

எல்லோருக்கும் வணக்கம். 26 எதற்கு என்று கேட்க வந்தேன். இங்கே எங்கள் கடல் கோடையில் 26-க்கு வருவதே இல்லை. கோமாளி மீனும் அனிமோனியும் 28-ல் நன்றாகவே வாழும். பவளம் வெளுப்பது அது பழகின கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அப்படியே வாரக்கணக்கில் நிற்கும்போதுதான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பெருமளவில் வெளுத்தது அப்படித்தான். அதனால் 27.5-ல் ஆடாமல் அசையாமல் வைப்பதுதான் நல்லது. 26-க்கு இழுத்துக்கொண்டுபோய், கரண்ட் போனால் 29-க்கு எகிறவிடுவதைவிட அது மீனுக்கும் சுகம், உங்கள் பில்லுக்கும் சுகம்.

அப்புறம், இழையைப் படிக்கும் புதியவர்களுக்கு ஒன்று. சில்லர் இருக்கிறது என்பதற்காகக் கடலிலிருந்து கல் பவளம் எடுத்துவந்து வைக்காதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இங்கே தீவுகளின் ஓரம் ஒரு கொத்து மறுபடி வளர எத்தனை வருஷம் ஆகிறது என்று கண்ணால் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். கோமாளி மீனுக்குக் கடலை நம்ப வேண்டியதே இல்லை, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறது.

---

திருச்சி சம்ப் | மே 19

27.5-க்கு நானும் ஒத்துப்போகிறேன், ஆனால் ஆக்சிஜனையும் பாருங்கள். கடல்தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் பிடித்துவைக்கும், 30-ல் 6.2 தான். மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் ராத்திரி கரண்ட் போனால் அந்த அரை மில்லிகிராம் பெரிய வித்தியாசம். எனக்கு 27 வசதி.

---

வேளச்சேரி உவர்நீர் | மே 21

27-க்கு மாற்றிவிட்டேன், 27.5-ல் ஆன், 27-ல் ஆஃப். இரண்டாவது கன்ட்ரோலர் 25.5.

கரண்ட் போனால் என்ன என்ற பேச்சு வந்ததால் நேற்று நானே மெயினை இறக்கிப் பார்த்தேன். வீட்டு இன்வர்ட்டரில் மெயின் பம்பும், 18 வாட் பம்பும், 5 வாட் பவர்ஹெட்டும் மட்டும் ஓடின. கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஆனால் 20 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் கூலருக்குள் காத்திருக்கிறதே! 12-லிருந்து 27 வரை சூடாவதற்குள் அது தொட்டியிலிருந்து 1,250 கிலோஜூலை வாங்கிக்கொள்கிறது. ஒன்றரை மணி நேரம் தாண்டியும் தொட்டி 27.6-ல் நின்றது. ஐஸ் பாட்டிலோடு நள்ளிரவில் ஓடிய நாட்களை நினைத்துக்கொண்டேன்.

கூலரை பால்கனிக்கு மாற்றியும் ஆயிற்று. ஹாலில் இருந்தவரை தொட்டியிலிருந்து எடுத்த வெப்பத்தையும் கம்ப்ரசரின் சூட்டையும் சேர்த்து ஹாலுக்குள்ளேயே ஊதியது, அறை இரண்டு டிகிரி ஏறி, தொட்டி மறுபடி சூடானது. இப்போது ஜன்னல் ஓரத் துளை வழியாக ஹோஸ் போகிறது. ஏசி லைனுக்குப் போடுகிற கறுப்பு நுரை உறையை முழுக்கப் போட்டேன். போடாத ஒரு சாண் இடத்தில் மட்டும் காலையில் முத்து முத்தாக வியர்த்து, தரையில் சின்னக் குட்டையே நின்றது.

---

மதுரை மெக்கானிக் | மே 21

தம்பி, பால்கனியில் மழைச்சாரல் படாமல் மேலே தகடு போடுங்கள், ஆனால் கண்டன்சர் (சூட்டை வெளியே தள்ளும் காயில்) மூச்சுவிட இரண்டு பக்கமும் இடம் வேண்டும். எர்த் ஒழுங்காக இருக்கிறதா? 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் உப்புத் தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகும், அதற்கு மூன்று நிமிஷத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் போடுங்கள்.

இன்னொன்று. அந்தச் சுருள் எப்போதாவது ஒழுகினால் எப்படித் தெரியும்?

---

வேளச்சேரி உவர்நீர் | மே 22

ஆர்சிசிபி முதலிலேயே இருக்கிறது. ஸ்டெபிலைசர் இன்று மாட்டியாயிற்று.

ஒழுகலுக்கு, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கிறேன் அண்ணே. கூலருக்குள் ஊற்றிய ஆர்ஓ தண்ணீர் 22 காட்டியது. கடல்தண்ணீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஒரு டம்ளர் உள்ளே கசிந்தால்கூட டிடிஎஸ் பல நூறுக்கு எகிறிவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கிறேன். உள்ளே கிளைகாலோ பிளீச்சோ போடாமல் வெறும் தண்ணீராகவே வைத்திருப்பதும் இதனால்தான். கசிந்தாலும் தொட்டிக்குள் விஷம் போகாது.

---

வேளச்சேரி உவர்நீர் | மே 28

அக்கினி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. ஹாலில் மதியம் 36. இந்த ஏழு நாளில் தொட்டி 26.9-க்குக் கீழேயும் போகவில்லை, 27.6-க்கு மேலேயும் போகவில்லை. ப்ளக் மீட்டரில் கூலரும் இரண்டு பம்பும் சேர்ந்து நாளுக்கு 2 யூனிட் சொச்சம். இரண்டு மாத பில்லில் 120 யூனிட் கூடும். எங்கள் வீடு 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீடு, ஸ்லாப் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேனை நிறுத்தவில்லை, அது இலவசமாக எடுக்கிற வெப்பத்தை எதற்கு விட வேண்டும்?

கோமாளி ஜோடியில் பெரியது இன்று காலை பாறையின் ஓரத்தில் ஓர் இடத்தை வாயால் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. முட்டை வைப்பதற்கு முன் அப்படிச் செய்யும். நாற்காலியை இழுத்துப் போட்டு முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

---

அண்ணாநகர் நானோ | மே 29

படிக்கப் படிக்க ஆசை வந்துவிட்டது. என்னுடையது 60 லிட்டர். டைட்டானியம் கிடைக்கவில்லை. ஆர்ஓ மெஷினில் வரும் கால் இஞ்ச் வெள்ளை டியூபைச் சுருளாகப் போட்டால் வேலை செய்யுமா?

---

வேளச்சேரி உவர்நீர் | மே 29

செய்யும், ஆனால் ஒரே நீளமாகப் போடாதீர்கள். டைட்டானியத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். பதினைந்து மீட்டர் ஒரே டியூபில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. நான்கு துண்டு, ஒவ்வொன்றும் 4 மீட்டர், இரண்டு முனையிலும் நான்கு வழி கனெக்டர் போட்டு இணையாக ஓடவிடுங்கள். டியூபுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள், நடுவில் தண்ணீர் சுழல வேண்டும். கூலருக்குள் கலக்குகிற பம்பை மறக்கவே மறக்காதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஐஸ் பாட்டிலை எடுங்கள். 60 லிட்டருக்கு ஒரு டிகிரி என்பது கிட்டத்தட்ட 70 வாட்-மணி. நாளை மதியம் ஒரு மணி நேரம் அளந்து அந்த எண்ணை இங்கே போடுங்கள், மெக்கானிக் அண்ணனும் பார்ப்பார்.